குட்டிக் கார்களின் வேகக் கணக்கு

1985ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி பினாங்குப் பாலம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டபோது, அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமட் சிவப்பு நிறப் புரோட்டோன் சாகா ஒன்றைத் தாமே ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். தேசியக் கொடி தாங்கிய அந்தக் கார் அறிமுகமாகி இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. பதிமூன்றரை கிலோ மீட்டர் நீளப் பாலமும், சொந்த நாட்டில் பூட்டப்பட்ட ஒரு காரும் அன்றைய பெருமைக்குப் போதுமானவையாக இருந்தன. அந்த 1.3 லிட்டர் கார் எத்தனை வேகம் போகும் என்று கேட்பதற்கு உகந்த நாள் அதுவல்ல.

அந்தக் கேள்வி பின்னால் வந்தது. பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகி, தோட்டப்புறக் குடும்பங்களின் பிள்ளைகள் மாதச் சம்பளம் வாங்கத் தொடங்கிய காலம் அது. முதலில் மோட்டார் சைக்கிள், பிறகு பழைய சாகா, அதற்கும் பிறகு "கொஞ்சம் ஓடக்கூடிய" கார் என்று ஆசை படிப்படியாக வளர்ந்தது. இந்த மூன்றாவது படியில்தான் ஹாட் ஹேட்ச் நிற்கிறது.

பின்பக்கக் கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறிய குடும்பக் காரை ஹேட்ச்பேக் என்கிறோம். அதன் உடலை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே வலுவான இயந்திரத்தையும் இறுக்கமான சஸ்பென்ஷனையும் நல்ல பிரேக்கையும் பொருத்தினால் அது ஹாட் ஹேட்ச். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடவும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மலைச்சாலையில் மனம் குளிரவும் வேண்டும் என்பவர்களுக்கான வண்டி. இப்படிப்பட்ட வண்டி அசல் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஈடாகுமா என்ற வழக்கு நாசி கண்டார் கடை மேசைகளில் இன்னும் தீர்ந்தபாடில்லை. தீர்ப்பு சொல்ல வேண்டுமானால் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டியாக வேண்டும்.

மினியும் கோல்ஃபும்

இந்த வம்சத்தின் பாட்டனார் என்று பிரிட்டனின் மினி கூப்பரைச் சொல்வார்கள். 1961இல் வந்தபோது அதன் இயந்திரம் ஒரு லிட்டர்கூட இல்லை. திறனோ 55 குதிரை. உண்மையில் மினிக்கு மேல்நோக்கித் திறக்கும் பின்கதவே கிடையாது. ஆனாலும் அதன் வாரிசான கூப்பர் எஸ், பனி மூடிய மோன்டே கார்லோ ரேலியை 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்றது. 1966இலும் முதலில் வந்து, முகப்பு விளக்கு விதிமுறைக்குப் பொருந்தவில்லை என்று தள்ளுபடி செய்யப்பட்டது. பெரிய இயந்திரக் கார்கள் வளைவுகளில் தடுமாறிய இடத்தில், சக்கரங்களை நான்கு மூலைகளுக்கும் தள்ளி வைத்திருந்த இந்தக் குட்டி வண்டி தடுமாறவில்லை. வேகம் என்பது குதிரைத் திறன் மட்டுமல்ல என்பதை உலகம் கண்கூடாகப் பார்த்தது அப்போதுதான்.

அடுத்தது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. அந்நிறுவனத்தின் பொறியியலாளர்கள் சிலர் மேலிடத்து உத்தரவு இல்லாமலேயே தொடங்கிய வேலை அது. 1975இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு மறு ஆண்டு விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர், 110 குதிரைத் திறன், ஏறக்குறைய 810 கிலோ எடை, மணிக்கு 182 கிலோ மீட்டர் உச்ச வேகம். ஐயாயிரம் கார்கள் விற்றால் போதும் என்று நினைத்தார்கள். முதல் தலைமுறை மட்டுமே 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல் விற்றது. அதே 1976இல் வந்த போர்ஷே 924 காரின் திறன் 125 குதிரைதான். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோ மீட்டர் வேகத்தை எட்டும் பந்தயத்தில் கோல்ஃப் அதற்குச் சளைக்கவில்லை. போர்ஷேக்காரர் பெட்டி வைக்க இடம் தேடும்போது, கோல்ஃப்காரர் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போகலாம்! 1984இல் பிரான்சின் பெஜோ 205 ஜி.டி.ஐ.யும் இந்த வரிசையில் சேர்ந்தது. ஓட்டும் சுகத்தில் அதை மிஞ்ச ஆளில்லை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு.

சத்ரியா என்ற க்ஷத்திரியன்

புரோட்டோன் கார்களின் பெயர்கள் தமிழர் காதுக்கு அந்நியமானவை அல்ல. வீரா என்றால் வீரன். புத்ரா என்றால் புத்திரன். பெர்டானா என்பது பிரதானம். சாகா என்பதோ நாம் மஞ்சாடி என்று சொல்லும் சிவப்பு விதை. 1994இல் வந்த மூன்று கதவுச் சத்ரியாவின் பெயர் க்ஷத்திரியன் என்ற சொல்லின் மலாய் வடிவம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். பெயரில் போர்வீரன் இருந்தாலும் தொடக்கத்தில் வந்த 1.3, 1.5 லிட்டர் சத்ரியாக்கள் சாதுவானவை. அடித்தளமும் இயந்திரமும் ஜப்பானிய மிட்சுபிஷியிடமிருந்து வந்தவை.

1996இல் புரோட்டோன், பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியதும் கதை மாறியது. 1990களின் இறுதியில் வந்த சத்ரியா ஜி.டி.ஐ. அந்தக் கலப்புத் திருமணத்தின் முதல் நல்ல பிள்ளை எனலாம். அதன் 1.8 லிட்டர் இரட்டை கேம் இயந்திரம் புதியதல்ல. புத்ராவிலும் வீராவிலும் ஏற்கெனவே ஓடியதுதான். 140 குதிரைக்குச் சற்றுக் குறைவான திறன். புதுமை இருந்தது கீழே, சஸ்பென்ஷனில். காரின் வளைவுப் பிடிப்பையும் ஸ்டீயரிங்கின் பதிலையும் லோட்டஸ் பொறியியலாளர்கள் சீர் செய்தார்கள். பிரிட்டிஷ் மோட்டார் சஞ்சிகைகள் உட்புறப் பிளாஸ்டிக்கைக் கேலி செய்தாலும் அது சாலையில் ஓடும் விதத்தைப் பாராட்டத் தவறவில்லை. மலேசியக் கார் ஒன்றுக்கு அப்படிப்பட்ட பாராட்டு அபூர்வம்.

போட்டியாளர்களோடு எண்களை வைத்துப் பார்த்தால் சத்ரியா தோற்றுத்தான் போகும். 1997இல் ஜப்பானில் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர், வெறும் 1.6 லிட்டரில் 185 குதிரைத் திறன் தந்தது. இயந்திரம் நிமிடத்துக்கு 8200 சுற்று சுற்றும்போதுதான் அந்த முழுத் திறனும் வெளிப்படும். மிட்சுபிஷி லான்சர் எவோவுக்கும் சுபாரு இம்ப்ரெஸாவுக்கும் டர்போ, நான்கு சக்கர இயக்கம், 280 குதிரை. ஆனால் அந்த டைப் ஆர் ஜப்பானுக்கு வெளியே அதிகாரபூர்வமாக விற்கப்படவே இல்லை. எவோவை இறக்குமதி வரியோடு வாங்குவதற்குப் பாயான் லெப்பாஸ் சம்பளம் எந்தக் காலத்திலும் போதாது. சத்ரியா ஜி.டி.ஐ.யோ வங்கிக் கடனுக்குள் அடங்கியது.

அதற்கும் எட்டாதவர்கள் என்ன செய்தார்கள்? ஹாஃப் கட் கடைகளைத் தேடிப் போனார்கள். ஜப்பானில் கழிக்கப்பட்ட கார்களைக் குறுக்கே அறுத்து, இயந்திரமும் கியர் பெட்டியும் உள்ள முன்பாதியைக் கப்பலில் ஏற்றி இங்கே விற்பது தனி வியாபாரம். 1.3 லிட்டர் சத்ரியாவை வாங்கி, லான்சர் ஜி.எஸ்.ஆரின் 1.8 லிட்டர் டர்போ இயந்திரத்தை அதற்குள் இறக்கிய போமேன்கள் பலர். மூலக் காரில் அந்த இயந்திரத்தின் திறன் 195 குதிரை, அதுவும் நான்கு சக்கர இயக்கத்தோடு. இங்கேயோ முன்சக்கரங்கள் மட்டுமே முழுச் சுமையையும் தாங்கின. பிரேக் பழைய பிரேக்காகவே இருந்ததும் உண்டு. இயந்திர மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அங்கீகாரம் வேண்டும் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. இதைத் திறமை என்று மெச்சிக்கொள்பவர்கள், அந்தப் பிரேக்கை நம்பி எதிரே வருபவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பினாங்குத் தீவின் சாலைகளுக்கு எது பொருத்தம் என்பது வேறு கணக்கு. பாலத்தில் கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் 80 கிலோ மீட்டர். எவோவும் மைவியும் அங்கே சமம். (மைவியை மிஞ்ச எவோவாலும் முடியாது என்று வேடிக்கையாகச் சொல்லும் மலேசியர்கள் ஏராளம்.) ஆயர் ஈத்தாமைத் தாண்டி பாயா தெருபோங் வழியாகத் துன் சார்டோன் சாலையில் பாலிக் பூலாவுக்கு ஏறினாலும் சரி, பத்து ஃபிரிங்கி, தெலுக் பஹாங் வழியாகச் சுற்றி வந்தாலும் சரி, நேர்ச்சாலை கொஞ்சம், வளைவு அதிகம். டுரியான் பருவத்தில் சாலையோரம் கடைகளும் நிறுத்திய வண்டிகளும் சேர்ந்துவிடும். அங்கே 280 குதிரையில் பாதிக்குமேல் சும்மா தூங்கும். எடை குறைந்த, நீளம் குறைந்த, பார்வைக்குத் தடையில்லாத வண்டிதான் சட்ட வேகத்துக்குள்ளேயே ஓட்டுபவருக்கு மகிழ்ச்சி தருகிறது. சத்ரியா ஜி.டி.ஐ. இந்தத் தீவில் தன் விலைக்கு மேல் மதிக்கப்பட்டதன் இரகசியம் இதுதான்.

ரேலிக் களத்தில்

2002ஆம் ஆண்டில் கரம்ஜிட் சிங், துணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன் சேர்ந்து உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றார். ஆசியர் ஒருவர் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் முறை. கார், புரோட்டோன் பெர்ட். பெயர் மலேசியப் பெயர். உள்ளே இருந்தது எவோ. நமது மிகப் பெரிய மோட்டார் வெற்றி, புரோட்டோன் முத்திரை தாங்கிய ஜப்பானியச் செடானில் கிடைத்தது என்பதைக் கசப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஓட்டியவர் மலேசியர்.

ஆனால் காற்று திசை மாறிக்கொண்டிருந்தது. உலக ரேலியின் முதல் நிலையில் பெஜோ 206 என்ற ஹேட்ச்பேக் 2000 முதல் 2002 வரை தொடர்ந்து மூன்று தயாரிப்பாளர் பட்டங்களை அள்ளியது. ஆசிய பசிபிக் ரேலியில் 2011இல் ஸ்காட்லாந்தின் அலிஸ்டர் மெக்ரே புரோட்டோன் சத்ரியா நியோ எஸ்2000 காரில் பட்டம் வென்றார். டர்போ இல்லாத இரண்டு லிட்டர் இயந்திரம், நான்கு சக்கர இயக்கம், குட்டி உடல். அதையடுத்து சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். அணியின் ஸ்கோடா ஃபேபியாக்கள் வந்தன. இந்தியாவின் கௌரவ் கில் 2013இல் அந்தக் காரில் அதே பட்டத்தைக் கைப்பற்றினார். எவோக்களும் இம்ப்ரெஸாக்களும் ஆண்ட களத்தைப் பத்தாண்டுகளில் ஹேட்ச்பேக்குகள் எடுத்துக்கொண்டன.

சாலையிலும் அதேதான் நடந்தது. திருப்புவதும் இழுப்பதும் ஒரே சக்கரங்கள் என்பதால், முன்சக்கர இயக்கத்தில் திறன் கூடக்கூட ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். 200 குதிரைக்கு மேல் போனால் ஆபத்து என்று ஒரு காலத்தில் பேசப்பட்டது. சக்கரம் தேவையில்லாமல் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியலும், முன் சஸ்பென்ஷனின் புதிய வடிவமைப்பும் அந்த வேலியைத் தகர்த்தன. 2009இல் ஃபோர்டு ஃபோக்கஸ் ஆர்.எஸ். முன்சக்கரங்களை மட்டும் கொண்டு 305 குதிரையைச் சமாளித்தது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் 1999இல் போர்ஷே 911 ஜி.டி.3 ஏறத்தாழ 7 நிமிடம் 56 விநாடியில் சுற்றி வந்தது. 2017இல் ஹோண்டா சிவிக் டைப் ஆர் அதே தடத்தை 7 நிமிடம் 44 விநாடிக்குள் முடித்தது. 2019இல் ரெனோ மெகான் இன்னும் மூன்று விநாடிக்கு மேல் குறைத்தது. அதே ஆண்டில் வந்த மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. ஏ45 எஸ், இரண்டு லிட்டரில் 421 குதிரை தந்தது. 1984இல் ஃபெராரி தெஸ்தரோசாவுக்குப் பன்னிரண்டு சிலிண்டரிலும் 390தான்!

இவை எல்லாவற்றையும்விடப் பொருத்தமான ஒப்பீடு டொயோட்டா ஜி.ஆர். யாரிஸ். 2021இல் மலேசியாவுக்கு வந்த இந்தக் காருக்கு மூன்று சிலிண்டர், 1.6 லிட்டர், 261 குதிரை, 1280 கிலோ. கரம்ஜிட் காலத்து ஆறாவது எவோவின் சாலை வடிவத்துக்கு 280 குதிரை, 1360 கிலோ. வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரு குதிரைக்கு ஏறத்தாழ 4.9 கிலோ. செடானின் நாற்காலியில் குட்டிக் கார் உட்கார்ந்துவிட்டது.

சரி, நாசி கண்டார் மேசை வழக்கில் ஹாட் ஹேட்ச் ஜெயித்துவிட்டதா? வேகத்தில் ஜெயித்தது. விலையில்தான் இடிக்கிறது. 2022இல் பெக்கானில் பூட்டப்பட்டு வந்த எட்டாம் தலைமுறை கோல்ஃப் ஜி.டி.ஐ.யின் விலையே இரண்டு லட்சம் ரிங்கிட்டைத் தாண்டியது. யாரிஸும் டைப் ஆரும் அதற்கும் மேலே. ஸ்போர்ட்ஸ் காரை எட்டிப் பிடித்த குட்டிக் கார், ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவரின் கைக்கே போய்விட்டது. 2024இல் மலேசியாவுக்கு வந்த மின்சார எம்.ஜி.4 எக்ஸ்பவர் 435 குதிரையோடு 3.8 விநாடியில் நூறைத் தொட்டுப் பல ஸ்போர்ட்ஸ் கார்களை வெட்கப்பட வைத்தது. எடையோ ஏறக்குறைய 1800 கிலோ, முதல் கோல்ஃபைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நேர்ச்சாலையில் அது ராஜா. துன் சார்டோன் வளைவுகளில் அந்த எடையை ஒவ்வொரு முறையும் பிரேக்தான் சுமக்க வேண்டும்.

தேசியக் கார் நிறுவனங்கள் இந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டன. 2004இல் சிறு எண்ணிக்கையில் வந்த சத்ரியா ஆர்3 அந்த வரிசையின் உச்சம். 2006இல் வந்த சத்ரியா நியோ 2015இல் நின்றுபோனது. 2013இல் வந்த ஐந்து கதவு சுப்ரிமா எஸ், டர்போ உதவியுடன் பழைய ஜி.டி.ஐ.யின் அதே 140 குதிரை அளவையே தொட்டது. ஆனால் எடை கூடியது, துடிப்புக் குறைந்தது. அதற்குப் பிறகு வாரிசு இல்லை.

ஆகவே பழைய ஜி.டி.ஐ.க்கு இன்னும் ஆள் தேடுகிறார்கள். வீராவிலும் புத்ராவிலும் ஓடிய இயந்திரம் என்பதால் அதற்கான உபரிப் பாகங்கள் கிடைக்கின்றன. ஜி.டி.ஐ.க்கென்றே வார்க்கப்பட்ட பம்பரும் பக்கவாட்டு உறுப்புகளும்தான் எளிதில் அகப்படுவதில்லை.