முறுக்கிய கம்பி சுமக்கும் ரயில்

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்குப் பெயர்போன ஊர். 2020ஆம் ஆண்டில் அச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவ்வூரார் சென்னைக்கு ரயிலில் செல்ல அரியலூருக்கு வந்து வண்டி ஏறலாம். அங்கே எதிர் நடைமேடையில் நிற்கும் பெட்டியின் சக்கரங்களைக் கவனித்தால், அவற்றினருகே தடித்த எஃகுச் சுருள்வில்கள் தெரியும். பெட்டியின் பாரத்தையும் பயணிகளின் பாரத்தையும் அவையே தாங்குகின்றன.

பாரம் ஏறியதும் சுருள்வில் அமுங்குகிறது. அப்போது அதன் கம்பிக்கு என்ன நேர்கிறது? வளைகிறதா? குறுகுகிறதா? இதற்கு விடை தெளிவாக நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1678இல் சுருள்வில் பற்றிய தம் விதியை வெளியிட்டார். பாரம் இரு மடங்கானால் நீட்சியும் இரு மடங்காகும் என்பதே அது. எவ்வளவு நீளும் என்பதை அவர் சொன்னார். கம்பிக்குள் நடப்பதைச் சொல்லவில்லை.

அடுத்த படி பிரான்சில் அமைந்தது. ராணுவப் பொறியாளரான கூலும், கம்பிகளை முறுக்கி ஆராய்ந்து 1784இல் முடிவுகளைத் தந்தார். முறுக்கத் தேவைப்படும் திருப்புத்திறன் முறுக்குக் கோணத்துக்கு நேர் விகிதத்திலும், நீளத்துக்கு எதிர் விகிதத்திலும், விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர் விகிதத்திலும் இருக்கும். அதாவது, விட்டம் இரு மடங்கானால் கம்பி 16 மடங்கு விறைப்பாகிவிடும்! ஆலைகளின் உருண்டையான சுழல்தண்டுகளுக்கும் இதே விதிதான்.

தண்டுக்கும் சுருள்வில்லுக்கும் என்ன உறவு? தோட்டத்து ரப்பர் குழாயைச் சுருட்டி வைத்து, முனைகள் சுழலாதபடி பிடித்து இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்று பிரியும்போதும் குழாய் ஒரு முறை முறுக்கிக்கொள்ளும். சுருள்வில்லின் கம்பியும் அவ்வாறே முறுக்கப்படுகிறது. கெல்வின் பிரபுவின் அண்ணனான ஜேம்ஸ் தாம்சன், 1848இல் எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார். சுருள்வில் என்பது சுருட்டி வைத்த நீண்ட தண்டே!

தமிழகத்தில் இந்த உண்மை பெரும் அளவில் பயன்பட்ட இடம் சென்னை பெரம்பூர். அங்கே 1955 அக்டோபர் 2 அன்று இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் வடிவமைப்பை அது பின்பற்றியது. பழைய பெட்டிகளில் பட்டைவில்களே பெரிதும் இருந்தன. இப்புதிய வகையில் அச்சுகளின் மேல் சுருள்வில்கள் அமைந்தன. பெட்டி ஒன்றுக்கு 16. பின்னர் முழுவதும் சுருள்வில்களே தாங்கும் போகிகளும் வந்தன. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வை அடக்கும். சுருள்வில்லில் அவ்வுராய்வு இல்லை. எனவே அச்சுகளின் சுருள்வில்களோடு எண்ணெய் நிரம்பிய உருளைகளையும் சேர்த்தனர். இவ்வகைப் பெட்டிகளின் உற்பத்தி 2018இல் நின்றது. அவற்றின் இடத்தைப் பிடித்த எல்.எச்.பி. பெட்டிகளும் சுருள்வில்களின் மீதே ஓடுகின்றன.

முறுக்கப்படும் கம்பியின் நடுப்பகுதிக்கு வேலை குறைவு. மேற்பரப்பே மிகுந்த தகைவைத் தாங்குகிறது. சுருளில் உட்புறத்துக்கு இன்னும் அதிகம். ஓடும் வண்டியில் இத்தகைவு லட்சக்கணக்கான முறை கூடிக் குறைகிறது. ஒரு சிறு கீறலோ துருக்குழியோ போதும். அது வெடிப்பாக வளர்ந்து, தடித்த எஃகையும் ஒரு நாள் முறித்துவிடும். அதனால்தான் ரயில்வே பணிமனைகளில் சுருள்வில்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, காந்தமூட்டி, இரும்புத் துகள் தூவிச் சோதிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பின் ஓரங்களில் துகள்கள் கோடாகத் திரண்டு அதைக் காட்டிக்கொடுக்கும்.

அன்று கூலும் முறுக்கியது மெல்லிய கம்பி. இன்று நூற்றுக்கணக்கான உயிர்கள் அவருடைய கணக்கை நம்பிப் பயணம் செய்கின்றன.