எலெக்ட்ரிக் காருக்குப் பின்னால் டிரெய்லரா? லைட்டுக்கு கரன்ட் எங்கிருந்து எடுக்கணும்?

அமெரிக்காவில் சைக்கிள், கயாக், வீடு மாத்துற சாமான் என எதுவானாலும் காருக்குப் பின்னால் ஒரு குட்டி டிரெய்லரில் ஏற்றிவிடுவார்கள். டிரெய்லர் மாட்டினால் காரின் பின் லைட்டுகள் மறைந்துவிடும். நீங்க பிரேக் போடுவது பின்னால் வருபவருக்குத் தெரியணும்னா, டிரெய்லரில் இருக்கும் லைட் எரிஞ்சே ஆகணும்.

எலெக்ட்ரிக் காரில் அந்த லைட்டுக்கு எங்கிருந்து கரன்ட் எடுப்பது?

பெரிய பேட்டரி பக்கம் போகாதீங்க!

காரை ஓட்டும் பெரிய பேட்டரி பெரும்பாலும் 400 வோல்ட், சில கார்களில் 800 வோல்ட். அதன் கேபிள்கள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஆரஞ்சைப் பார்த்தால் கையை எடுத்துடுங்க. லைட், ஹாரன், கதவுப் பூட்டு எல்லாம் ஓடுவது தனியாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரியில். டிரெய்லர் லைட்டுக்கும் அதுதான். டெஸ்லா சைபர்டிரக் மாதிரி 48 வோல்ட் சிஸ்டம் உள்ள வண்டிகளுக்கு இந்த முறை பொருந்தாது.

டெயில் லைட் ஒயரில் நேரா கோத்தா என்ன?

பழைய கார்களில் அப்படிச் செய்தவர்கள் உண்டு. இப்போது காரில் இருப்பது சில வாட் மட்டுமே இழுக்கும் எல்.இ.டி. டிரெய்லரில் பழைய குண்டு பல்பு இருந்தால், பிரேக் லைட் ஒன்றே சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். காரின் கம்ப்யூட்டர் 'ஏதோ கோளாறு' என்று நினைத்து லைட்டையே நிறுத்திவிடலாம். கன்ட்ரோல் யூனிட் பழுதானால் செலவு பெருசு.

சரியான வழி: பவர்டு கன்வெர்ட்டர்

இந்தச் சின்னப் பெட்டி, டெயில் லைட் ஒயரிலிருந்து சிக்னலை மட்டும் 'கேட்கும்'. கரன்ட்டை நேராக 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்கும். வாங்கும்போது எல்.இ.டி காருக்கும், துடிப்பாக வரும் பி.டபிள்யூ.எம் சிக்னலுக்கும் ஏற்றதா என்று பாருங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, கிட்டில் சொன்ன அளவு ஃபியூஸ் கட்டாயம்.

அமெரிக்க 4 பின் கனெக்டரின் நிறங்கள்:

• வெள்ளை - எர்த்
• பிரவுன் - பார்க்கிங் லைட்
• மஞ்சள் - இடது இண்டிகேட்டர், பிரேக்
• பச்சை - வலது இண்டிகேட்டர், பிரேக்

ரீஜென் பிரேக்கை மறந்துடாதீங்க

எலெக்ட்ரிக் காரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறையும். பெடலை மிதிக்காமலே பிரேக் லைட் எரியும். அதனால் பிரேக் சிக்னலை பெடல் ஸ்விட்ச்சிலிருந்து எடுக்கக் கூடாது. பிரேக் லைட் ஒயரிலிருந்துதான் எடுக்கணும். இல்லைன்னா கார் வேகம் குறையும், டிரெய்லர் லைட் எரியாது. பின்னால் வரும் லாரிக்கு எதுவுமே தெரியாது.

வேலைக்கு முன்னும் பின்னும்

• மேனுவலைப் பாருங்க. அமெரிக்காவில் செவர்லே போல்ட், நிஸான் லீஃப் போன்ற கார்கள் டிரெய்லர் இழுக்க வடிவமைக்கப்பட்டவை அல்ல.
• கம்பெனி டோயிங் கிட் கிடைத்தால் அதுவே முதல் சாய்ஸ். டிரெய்லர் மாட்டியிருப்பது காருக்கே தெரியும். ரிவர்ஸ் சென்சார் சும்மா கத்தாது.
• 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றும் முறையும் மேனுவலிலேயே இருக்கும். முன்பக்க மூடிக்கு மின்சாரப் பூட்டு என்றால், வேலை முடியும்வரை மூடாதீங்க. திறக்க கரன்ட் இருக்காது!
• நாள்கணக்கில் நிறுத்தும்போது டிரெய்லர் பிளக்கைக் கழற்றிடுங்க. 12 வோல்ட் பேட்டரி இறங்கினால், பெரிய பேட்டரி ஃபுல்லா இருந்தாலும் கார் கிளம்பாது.

கடைசியா, நண்பர் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து பார்க்கிங், இடது, வலது, பிரேக் என ஒவ்வொன்றாகப் பாருங்க. பிறகு அவரை இன்னொரு காரில் பின்தொடரச் சொல்லி, காலியான ரோட்டில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்க. டிரெய்லரில் சிவப்பு எரிந்தால், தைரியமா கிளம்பலாம்!