பெயர் சொல்லாத நஸபு

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் முஸ்லிம்களுடைய முன்னோர் பலரின் பெயர்களில் ‘வான்’ என்னும் ஒல்லாந்தச் சொல்லைக் காண்கிறோம். அதுகொண்டு அவர்களை ஒல்லாந்தர் வழியினர் எனக் கருதுவது பிழை. ‘இன்ன இடத்தைச் சேர்ந்தவர்’ என்பதே அதன் பொருள்.

1652இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே குடியேற்றம் அமைத்தது. பின்னர் வங்காளம், மலபார், இலங்கை, ஜாவா, நமது சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து மக்கள் அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். ஏட்டில் தந்தை பெயருக்குப் பதிலாக ஊர்ப் பெயரே ஏறிற்று. சோழமண்டலத்தார் ‘வான் டி குஸ்ட்’, அதாவது ‘கரையைச் சேர்ந்தவர்’ ஆயினர்.

அடிமைத்தளை நீங்கிய கோரிடான் வான் சிலோன் என்பார் 1794இல் டோர்ப் தெருவில் மனையொன்று வாங்கினார். அவர் மகளின் பெயரோ சார்க்கி வான் டி காப். ‘காப்’ என்பது நன்னம்பிக்கை முனை. தந்தைக்கு இலங்கை, மகளுக்கு முனை; ஒரே தலைமுறையில் பெயர் மாறிவிட்டது! அம்மனையில்தான் அந்நாட்டின் முதற் பள்ளிவாசலான அவ்வல் மஸ்ஜித் எழுந்தது.

மக்களை அவர்தம் தந்தையர் பெயரால் அழைக்குமாறு அல் அஹ்ஸாப் அத்தியாயம் பணிக்கிறது. அந்த உரிமையை அடிமை ஏடு பறித்தது. இவ்விருவரும் தந்தையும் மகளும் என்பதைப் பெயரால் அறிய வழியில்லை. மனை கைமாறிய வரலாறே அதனைக் காட்டுகிறது. முன்னோரைத் தேடுவோர் பெயரோடு நின்றுவிடாமல் பழைய பத்திரங்களையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.