ஆப்பிள் மரத்தின் கசப்புப் பட்டை

போன வாரம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்டு. கிட்னி கெடாம இருக்க ஏதோ ஒரு மரப்பட்டையைக் கஷாயம் வெச்சுக் குடிக்கணுமாம். அனுப்பினது இருபது வருஷமா சுகர் இருக்கிற எங்க பெரியப்பா. உடனே எனக்கு இன்னொரு பட்டையோட கதை ஞாபகம் வந்துச்சு.

1835. பெல்ஜியத்தைச் சேர்ந்த டி கோனின்க், ஸ்டாஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து கசப்பான ஒரு பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். பெயர் ஃப்ளோரிசின். சிங்கோனா பட்டையிலிருந்து குயினைன் கிடைத்து அப்போது 15 வருஷம்தான். அதுவும் கசப்பு, இதுவும் கசப்பு. அப்போ இதுவும் காய்ச்சலைக் கேட்கும்னு நம்பினாங்க.

1886-ல் ஜெர்மன் மருத்துவர் யோசஃப் ஃபான் மெரிங் இதை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். சிறுநீரில் சர்க்கரை கொட்டியது. ரத்தத்திலோ ஏறவே இல்லை. ஏன்? நம்ம சிறுநீரகம் தினமும் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, கிட்டத்தட்ட முழுசையும் திரும்ப உள்ளே எடுத்துக்குது. அந்த வேலையில் பெரும்பங்கு எஸ்ஜிஎல்டி2 என்ற புரதத்துக்கு. ஃப்ளோரிசின் அதை அடைத்துவிடுகிறது.

ரொம்ப காலம் இது ஆய்வகத்துல நோயைப் போலச் செய்து காட்டுற பொருளாத்தான் இருந்துச்சு. 1987-ல் ரோசெட்டி, டிஃப்ரான்சோ குழு நீரிழிவு எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை சீரானது. கோளாறுன்னு நினைச்சதே வைத்தியமா மாறிடுச்சு.

ஆனா பட்டையை அப்படியே சாப்பிட முடியாது. ஃப்ளோரிசின் குடலிலேயே உடைஞ்சுடும். குடல் சர்க்கரையை உறிஞ்சுறதையும் தடுக்கும். அதனால் மூலக்கூறையே மாற்றி அமைத்தார்கள். அப்படி வந்த டாபாக்லிஃப்ளோசினுக்கு 2012-ல் ஐரோப்பா அனுமதி கொடுத்தது.

2020-ல் வெளியான ஆய்வில் 4,304 சிறுநீரக நோயாளிகள். சர்க்கரை நோய் இல்லாதவர்களும் உண்டு. சிறுநீரகம் மோசமாவது, சிறுநீரக அல்லது இதய நோயால் இறப்பது, எல்லாம் சேர்ந்த ஆபத்து 39 சதவீதம் குறைந்தது. வடிகட்டியில் இருக்கும் அழுத்தத்தை இந்த மருந்து தணிப்பது ஒரு முக்கியக் காரணம்.

பெரியப்பாவுக்கு போன் பண்ணி முழுக் கதையையும் சொன்னேன். "அப்போ பட்டை நல்லதுதானேடா?"ன்னார்.

"பட்டை துப்புதான் கொடுத்துச்சு பெரியப்பா. அது மாத்திரையாக 177 வருஷம் ஆச்சு. கஷாயத்தை விடுங்க, முதல்ல கிரியேட்டினினும் யூரின் ஆல்புமினும் பாத்துட்டு டாக்டர்கிட்ட போவோம்."

சனிக்கிழமை டெஸ்டுக்குப் போறோம். உங்க வீட்லயும் சுகர் இருக்கிறவங்களைக் கூட்டிட்டுப் போங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்!