உரைக்கோப்பைத் திறக்கும் செயலி: தமிழ்நாட்டுக் கணினிகளை முன்வைத்து

உரைக்கோப்பு ஒன்றைச் சொடுக்கியதும் எந்தச் செயலி அதைத் திறக்க வேண்டும் எனக் கணினியில் முன்கூட்டியே குறித்து வைப்பது இயல்புநிலைச் செயலி ஏற்பாடு எனப்படும். தொடக்ககாலக் கணினிகளுக்கு இது தேவைப்படவில்லை. யூனிக்ஸில் பயனர் முதலில் செயலியின் பெயரையும் அடுத்துக் கோப்பின் பெயரையும் தட்டச்சு செய்தார். எதைக் கொண்டு திறப்பது என்பதை ஒவ்வொரு முறையும் அவரே சொன்னார். திரையில் படவுருக்கள் வந்து, கோப்பைச் சுட்டினாலே போதும் என்ற நிலை ஏற்பட்ட பிறகுதான் அந்த முடிவைக் கணினி எடுக்க வேண்டியதாயிற்று.

இதற்கு இரண்டு வழிகள் தோன்றின. கேரி கில்டால் 1974இல் உருவாக்கிய சிபிஎம் இயங்குதளத்தில் கோப்பின் பெயருக்குப் பின்னால் மூன்றெழுத்து ஒட்டு இருந்தது. 1981இல் வந்த டாஸ் அதை அப்படியே ஏற்றது. உரைக்கோப்புக்கு ‘டிஎக்ஸ்டி’ என்ற ஒட்டு நிலைத்தது. 1984இல் வந்த மெக்கின்டாஷ் வேறு வழியில் சென்றது. அதில் ஒவ்வொரு கோப்பும் தன் வகையையும் தன்னை உருவாக்கிய செயலியையும் நான்கெழுத்துக் குறிகளாகப் பெயருக்கு வெளியே சுமந்தது. எனவே ஒரே வகைக் கோப்புகள் இரண்டை அவற்றை எழுதிய வெவ்வேறு செயலிகளே திறக்க முடிந்தது. நுட்பத்தில் இதுவே மேலான வழி. ஆனால் பரவியது டாஸின் வழிதான். விண்டோஸின் தொடக்கப் பதிப்புகளில் ‘வின் ஐஎன்ஐ’ என்ற அமைப்புக் கோப்பின் ஒரு வரி, டிஎக்ஸ்டி ஒட்டை நோட்பேடுடன் இணைத்தது. விண்டோஸ் 95இல் அந்தப் பொறுப்பு பதிவேட்டுக்கு மாறியது: ஒட்டு ஒரு கோப்பு வகையைச் சுட்டும், அந்த வகை ஒரு செயலியைச் சுட்டும். லினக்ஸ் மேசைத்தளங்களோ, 1992இல் மின்னஞ்சலுக்காக வகுக்கப்பட்ட மைம் வகைகளை எடுத்துக்கொண்டன. பயனர் எந்த வகைக்கு எந்தச் செயலியை விரும்புகிறார் என்பது அங்கே அவருடைய முகப்பு அடைவில் ஒரு சிறு உரைக்கோப்பாகவே எழுதி வைக்கப்படுகிறது.

இவை எல்லாமே ‘எந்தச் செயலி’ என்ற கேள்விக்கு மட்டுமே விடை சொல்கின்றன. கோப்பிலுள்ள எண்களை எந்த எழுத்துகளாகப் படிப்பது என்பதை உரைக்கோப்பு தானாகச் சொல்வதில்லை. ஆங்கிலத்துக்கு இது பெரும்பாலும் இடையூறாக இருந்ததில்லை. தமிழுக்கு இதுவே முதன்மையான சிக்கல். 1990களில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றத்தை வைத்திருந்தது. இலங்கையில் பாமினி, தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில் என வழக்கம் பிரிந்து கிடந்தது. நோட்பேடு எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே எழுத்துருவைத்தான் காட்டும். அந்தத் தேர்வு கோப்போடு சேமிக்கப்படுவதும் இல்லை. ஆகவே இயல்புநிலைச் செயலி சரியாக அமைந்திருந்தாலும் தமிழ்க் கோப்பு பொருளற்ற குறிகளாகத் திறந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழையும் லதா எழுத்துருவையும் கொண்டுவந்தது. 2010 ஜூனில் ஒருங்குறியும் டேஸ்16 குறியேற்றமும் அரசின் தரங்களாயின.

இந்தச் சூழலில்தான் ஒரே கணினியில் இரண்டு இயல்புநிலைச் செயலிகள் இருக்கும் நிலை தமிழ்நாட்டில் பெருமளவில் ஏற்பட்டது. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் சூசே லினக்ஸுக்கு மாறியிருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியாயிற்று. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வழியே கொள்முதலான கணினிகளில் விண்டோஸ், பாஸ் இரண்டுமே நிறுவப்பட்டன. உரைக்கோப்பை முன்னதில் நோட்பேடும் பின்னதில் ஜிஎடிட்டும் திறந்தன. ஒன்றில் செய்த மாற்றம் மற்றதைத் தொடாது.

இரண்டுக்கும் ஒத்துப்போகாத இடங்கள் இருந்தன. பாஸில் எழுதிய கோப்பை விண்டோஸில் திறந்தால் பத்திகள் எல்லாம் ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும். லினக்ஸின் வரி முடிவுக் குறியை அன்றைய நோட்பேடு அறியாததே காரணம். அதைவிடக் கடுமையானது வேறொன்று. அன்றைய நோட்பேடு புதிய கோப்பைத் தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத ஆன்சி குறியேற்றத்தில்தான் சேமிக்க முனையும். எச்சரிக்கையைக் கவனிக்காமல் சம்மதித்துவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். அவற்றை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஜவ்வாதுமலையின் நெல்லிவாசல்நாடு, புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மலைநாடுகளின் அரசுப் பள்ளி மாணவருக்கும் உரியதாக இருந்தது. கணினி தெரிந்த ஒருவரைக் கேட்கத் திருப்பத்தூர் வரை இறங்க வேண்டியவருக்கு, கணினியோடு வந்த அமைப்பே கடைசிவரை நீடிக்கும் அமைப்பு. இயல்புநிலையைத் தீர்மானிப்பவருடைய பொறுப்பு இத்தகைய இடங்களில்தான் மிகுதி.

குறைகள் ஒவ்வொன்றாகப் பின்னரே நீங்கின. நிறுவப்படும் செயலிகள் கேட்காமலே கோப்பு வகைகளைத் தமதாக்கிக்கொள்வதைத் தடுக்க, 2012இல் விண்டோஸ் 8 பயனரின் தேர்வை ஒரு சரிபார்ப்புக் குறியுடன் பூட்டியது. இப்போது கோப்பை வலச்சொடுக்கி, திறப்பதற்கான செயலியைத் தேர்ந்து, ‘எப்போதும்’ என்பதைப் பயனரே உறுதிசெய்ய வேண்டும். நோட்பேடு 2018இல் லினக்ஸ் வரி முடிவையும் ஏற்றது. 2019இல் ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவமே அதன் இயல்பான சேமிப்பு முறையாயிற்று. லினக்ஸ் பக்கம், ஜிஎடிட்டின் இடத்தை 2022இல் க்னோம் மேசைத்தளத்தின் புதிய உரைத்தொகுப்பி பெற்றது. அங்கே எளிய உரை என்ற வகைக்குச் செயலியை மாற்றினால், தமக்கென்று தனிச் செயலி குறிக்கப்படாத நிரல்மூலக் கோப்புகளும் அதிலேயே திறக்கும். பிற உரை வகைகள் எல்லாம் எளிய உரையின் கிளைகளாகக் கொள்ளப்படுவதே இதற்குக் காரணம்.

வானவில், பாமினி, டாம் காலத்துக் கோப்புகளுக்கு இந்த மாற்றங்கள் எதுவும் உதவுவதில்லை. அவற்றை என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியால் ஒருங்குறியாக்கிய பின்னரே எந்தச் செயலியை இயல்புநிலையாக்கினாலும் தமிழாகத் திறக்கும்.