நர்கிஸ் புயலும் மூடிய கதவும்

ரங்கூன் நமக்கு அந்நிய ஊரன்று. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்ததைப் போலவே நம் முன்னோர் அங்கும் வைத்தார்கள். சோலியா பள்ளிவாசல் இன்றும் அந்நகரில் உண்டு. எனவே 2008 மே 2 அன்று ஐராவதிக் கழிமுகத்தை நர்கிஸ் புயல் தாக்கியதை நாம் வெறும் அயல்நாட்டுச் செய்தியாகப் படிக்கவில்லை.

கடல்நீர் ஏறிக் கிராமங்களை வாரிக்கொண்டு போனது. இறந்தோரும் காணாமற்போனோரும் சுமார் 1,40,000 பேர்; பாதிக்கப்பட்டோர் 24 லட்சம் பேர்.

ஆனால் மியன்மார் ராணுவ அரசு வெளிநாட்டு உதவியாளர்களுக்கு விசா தராமல் இழுத்தடித்தது. பிணங்கள் நீரில் மிதந்துகொண்டிருக்க, மே 10 அன்று அரசியல் சாசன வாக்கெடுப்பை நடத்தியது. தங்கள்மீது தடை விதித்திருந்த மேற்கு நாடுகள் உதவியின் பெயரால் படையெடுக்குமோ என்பது தளபதிகளின் அச்சம். அமெரிக்க விமானங்களை யங்கோனில் இறங்கவிட்டார்கள்; கப்பல்களை விடவில்லை. கரைக்கு அப்பால் வாரக்கணக்கில் காத்திருந்த அக்கப்பல்கள் ஜூன் தொடக்கத்தில் திரும்பிச் சென்றன.

வலுக்கட்டாயமாகவேனும் உதவியை உள்ளே கொண்டுசெல்ல வேண்டும் என்றது பிரான்ஸ். ஆசியான் வேறு வழி கண்டது. மே 19 அன்று சிங்கப்பூரில் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் இயோ தலைமையில் அமைச்சர்கள் கூடினர். நான்கு நாள் கழித்து ஐநா தலைமைச் செயலாளர் பான் கி மூன் தளபதி தான் ஷ்வேயை நேரில் சந்தித்தார். மாத இறுதியில் ஆசியான், ஐநா, மியன்மார் அரசு ஆகிய மூன்று தரப்பிலும் மும்மூன்று பேர் கொண்ட குழு அமைந்தது. விசா சிக்கலைத் தீர்ப்பதும், பொருள் உரியவரிடம் சேர்ந்ததா என்று பார்ப்பதும் அதன் வேலை. 2010 வரை அது இயங்கியது.

குறையில்லாமல் இல்லை. அரசு விதித்த நாணய மாற்றில் நிவாரணப் பணத்தின் ஒரு பகுதி கரைந்ததை ஐநாவே ஒப்புக்கொண்டது. தாமதத்தில் போன உயிர்களும் திரும்பவில்லை. உள்நாட்டிலேயே நிதி திரட்டிக் கிராமங்களுக்குக் கொண்டுபோன நகைச்சுவை நடிகர் ஸர்கனார் ஜூன் மாதம் கைதானார், 2011இல்தான் விடுதலையானார்.

கொடுங்கோல் அரசின் நாட்டுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி இன்றும் எழுகிறது. அந்த அரசைக் கழிமுகத்து மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அதன் பழியை அவர்கள் பசியின்மேல் போடுவது நியாயமாகாது. கொடுப்பவர் மனம் மட்டும் போதாது. இருதரப்பும் நம்பும் ஒருவர் நடுவில் நிற்க வேண்டும். அண்டை வீட்டாரான நமக்கு அந்த இடம் வாய்த்தது. அடுத்த தலைமுறை இதை நினைவில் வைக்கட்டும்.