ஆளுநர் மகளா, அனாதைச் சிறுமியா? ஒரு மூதாதையின் பிறந்தகம் மீட்கப்பட்ட வரலாறு

1620ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் வட அமெரிக்கா சென்ற 102 பயணிகளுள் ஜான் ஹவ்லண்ட் ஒருவர். ஜான் கார்வர் என்பவரின் பணியாளாகக் கப்பலேறியவர். நடுக்கடலில் புயலில் தூக்கி எறியப்பட்டு, கப்பலிலிருந்து தொங்கிய பாய்க் கயிற்றைப் பற்றி உயிர் பிழைத்தார். அன்று அவர் மூழ்கியிருந்தால் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இரு புஷ்கள் ஆகிய மூன்று குடியரசுத் தலைவர்கள் பிறந்திருக்க மாட்டார்கள். மூவரும் அவர் வழித்தோன்றல்கள்.

கார்வர் பிளிமத் குடியேற்றத்தின் முதல் ஆளுநரானார். ஹவ்லண்டின் மனைவி எலிசபெத், அந்த ஆளுநரின் மகள் அல்லது பேத்தி என்றே அவர் வழியினர் நெடுங்காலம் நம்பினர். நூல்களும் அதனை வழிமொழிந்தன. மறுக்கச் சான்றில்லை. 1672இல் ஹவ்லண்ட் எழுதிய உயிலில் மனைவியின் பெயர் உண்டு. அவர் யார் மகள் என்ற குறிப்பு இல்லை. மணமானதும் கணவர் குடும்பப் பெயரை ஏற்கும் வழக்கத்தால், பெண்களின் பிறந்தகம் ஆவணங்களிலிருந்து எளிதில் மறைந்துவிடும்.

விடை வேறிடத்தில் இருந்தது. கார்வருக்குப் பின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்ட் குடியேற்றத்தின் வரலாற்றைத் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்தையொட்டி பாஸ்டனிலிருந்து காணாமற்போன அக்கையெழுத்துப்படி, 1855இல் லண்டன் ஆயரின் ஃபுல்ஹம் அரண்மனை நூலகத்தில் இருப்பது கண்டறியப்பட்டது. மறு ஆண்டே அது அச்சேறியது. அதன் இறுதியில் கப்பலில் வந்தோர் பட்டியலும், சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் இருந்தன. எலிசபெத், ஜான் டில்லியின் மகள் என்றும், ஹவ்லண்டை மணந்து பத்து மக்களைப் பெற்றார் என்றும் அப்பட்டியல் தெளிவாகக் கூறியது.

அடுத்த தடம் இங்கிலாந்துக்குச் சென்றது. பெட்ஃபோர்ட்ஷயரின் ஹென்லோ ஊர்த் தேவாலயப் பதிவேட்டில், எலிசபெத் 1607 ஆகஸ்டு 30 அன்று திருமுழுக்குப் பெற்ற பதிவு கிடைக்கிறது. எனவே கப்பல் கரை சேர்ந்தபோது அவருக்கு வயது பதின்மூன்று. வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைப் பலிகொண்ட முதல் குளிர்காலத்தில் அவருடைய தாய், தந்தை இருவரும் மாண்டனர். புதிய மண்ணில் அனாதையான அச்சிறுமிதான் பிற்காலத்தில் ஒரு பெருங்குடும்பத்தின் தாயானார். இரு நூற்றாண்டுக்கும் மேலாக அவருடைய பெற்றோரின் இடத்தில் ஓர் ஆளுநரின் பெயர் நின்றிருந்தது.

இத்தகைய தேடலில் ஆண்டுக் கணக்கும் வழுக்குமிடம். அக்கால ஆங்கிலேய வழக்கில் புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. ஹவ்லண்ட் இறந்த பிப்ரவரி 23, பழைய கணக்கில் 1672. இன்றைய கணக்கில் 1673. இதனை அறியாதவர் ஒரே மனிதருக்கு இரண்டு இறப்பாண்டுகள் எழுதிவிடக்கூடும்.

குடும்ப மரபுரை பொய்யென்று ஒதுக்கத்தக்கதன்று. ஹவ்லண்டுக்கும் கார்வருக்கும் இருந்த தொடர்பு உண்மையே. ஆனால் பணியாளர் உறவு, சொல்வழியில் இரத்த உறவாக உயர்ந்துவிட்டது. பெருமை சேர்க்கும் முன்னோரைக் காட்டும் இடத்தில்தான் ஆய்வாளர் இருமுறை நின்று சான்று கேட்க வேண்டும். அவ்வாறு கேட்டதால் டில்லி இணையர்க்கு அவர்கள் மகள் திரும்பக் கிடைத்தாள்.